நாகின் மடி வளரும் காலம்

ஐந்தாறு மாத நாகொன்று நன்கு கொழுத்து, மடியும் சற்றுத் திரண்டு தோன்றினால் வளர்ப்போர் மகிழ்வர். ஆனால் அம்மடியிற் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் கொழுப்பேயாகும். பாலைச் சுரக்கவேண்டிய இழையம் அக்கொழுப்பினுள்ளே குழாய்களாகக் கிளைத்துச் செல்லவேண்டும்.

பிறந்த கன்றின் மடியிற் காம்புகளும் சில குறுங்குழாய்களுமே உள. ஏறத்தாழ மூன்றாம் மாதம் முதற் பருவமடையுங் காலம்வரை இக்குழாய்கள் உடலின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் விரைவாக வளர்கின்றன. சூலகம் சுரக்கும் ஈஸ்திரசன் இதற்கு இன்றியமையாதது; இளமையிற் சூலகம் அகற்றப்பட்ட கன்றின் மடி வளர்ச்சி குன்றிவிடும். கபச்சுரப்பியின் வளர்ச்சி ஓமோனும் வேண்டும். இவ்வோமோன் ஈரலிலும் மடியின் இணைப்பிழையத்திலும் 'இன்சுலின்போன்ற வளர்ச்சிக் காரணி' எனும் புரதத்தை உண்டாக்குவித்து, பெரும்பாலும் அதன் வாயிலாகவே தொழிற்படுகின்றது.

அப்புரதம் குழாய்க் கலங்களின் மென்சவ்விலுள்ள 'வாங்கி' என்னும் மூலக்கூற்றிற் பொருந்தும். பூட்டிலே திறப்புப் பொருந்துவதை ஒக்கும். வாங்கியின் வெளிப்பகுதி காரணியைப் பிடித்ததும், உட்பகுதி கலத்தினுள்ளுள்ள புரதங்களிற் பொசுபேற்றைச் சேர்க்கின்றது. இச்செய்தி படிப்படியாகக் கருவை அடையக் கலம் பிரிகின்றது. ஈஸ்திரசனின் செயல் இன்னும் வியப்புக்குரியது. நாகின் மடியிற் பிரியும் கலங்களில் ஈஸ்திரசன் வாங்கி பெரும்பாலும் காணப்படுவதில்லை. வாங்கியுடைய கலம் தான் பெற்ற செய்தியை, வளர்ச்சிக் காரணிகள் மூலம் அயற்கலத்துக்கு உணர்த்துகின்றது.

பருவமடையுமுன் வேண்டியமட்டும் செறிவுத்தீன் உண்ட நாகுகளின் மடியிற் பாலிழையம் குறைந்து கொழுப்பு மிகுந்திருந்ததை, 1982 இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பருவமடைந்தபின் அவ்வாறு ஊட்டியபோது அத்தீங்கு நேரவில்லை. வளர்ச்சி ஓமோன் குறைதலே காரணமென முதலிற் கருதப்பட்டது. விரைந்து பருத்த நாகு விரைந்து பருவமடைவதாற் குழாய்கள் கிளைக்கும் நாட்களே சுருங்குகின்றன என்பது பிந்திய ஆய்வுகளிற் புலனாயிற்று.

ஆகையால் பால்மறந்த நாகுக்குப் புண்ணாக்கும் தவிடும் அளவோடு வைத்து, நல்ல புல்லை மிகுதியாகக் கொடுத்தல் வேண்டும். பேரினமாகிய பிறீசியன் நாகு இப்பருவத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிறை கூடினாற் போதும்; யேர்சி போன்ற சிற்றினத்துக்கு இதனிலுங் குறைவு. மாதந்தோறும் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து நிறையை மதிப்பிடலாம். பட்டினி போடுதலும் பிழையே. பருவமடைதல் பிந்தி, முதலீற்றும் பிந்தும்.

பால்குடிக் கன்றின் நிலை வேறு. முதல் இரு மாதங்களிற் செழிப்பாக ஊட்டப்பட்ட கன்றின் மடியிற் பாலிழையம் பெருகுமேயன்றிக் குறையாது. பாலை விற்பதற்காகக் கன்றின் பங்கைக் குறைப்போர் இதனைக் கவனித்தல் வேண்டும்.