இறங்கிட்டுப் பேசிக்கலாம்

ஓடுதளம் இல்லாத இடத்திலும் இறங்க முடியும் என்பதே ஹெலிகாப்டரின் தனிச்சிறப்பு. வானிலை கெடும்போது அந்த வசதியைப் பயன்படுத்தாமலேயே பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் உள்ளிட்ட 9 பேர் இறந்த விபத்தில் எந்திரக் கோளாறு இல்லை. கண்பார்வையை நம்பி ஓட்ட வேண்டிய பயணம் மேகத்துக்குள்ளும் தொடர்ந்ததே காரணம் என்றது விசாரணை. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததற்கும், பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் விமானி நிலையுணர்வு இழந்ததே காரணம் எனத் தெரியவந்தது.

மேகத்துக்குள் அடிவானம் மறைந்ததும் உள்காது பொய் சொல்லத் தொடங்கும். சாய்ந்திருப்பது நேராகத் தெரியும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரைச் சிறு விமானத்தில் சோதித்தது. அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில். விட்டால் தானே நிலைப்படாத சிறு ஹெலிகாப்டரில் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஒரு ஜூன் பிற்பகலில், மதுரையிலிருந்து கோவைக்கு ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரில் ஒரு தொழிலதிபரை அழைத்துப் போனேன். தாராபுரத்தை நெருங்கும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த காற்று வண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முன்னால் காற்றாலைகளின் இறக்கை நுனிகள் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தன. பின்னால் ஒட்டன்சத்திரத்தையும் மழை மூடிவிட்டது.

“தம்பி, இன்னும் அரை மணிதானே? மெதுவாவே போயிரலாமே” என்றார் பயணி.

“ஐயா, இறங்கிட்டுப் பேசிக்கலாம்” என்றேன்.

கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் ஒன்றில் இறக்கினேன். மாட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்து, “ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?” என்றார். “இல்லீங்க, மழைக்கு ஒதுங்கியிருக்கோம்” என்றேன். பைக்கில் போகிறவர் பாலத்தடியில் ஒதுங்குவதைப் போன்ற இயல்பான செயல்தான் இதுவும். புதிதாகப் பறக்க வருகிறவர்களுக்கு அந்த இறக்கத்தை வைத்தே சிலவற்றைச் சொல்கிறேன்.

1. எல்லையைத் தரையிலேயே குறியுங்கள். பார்வை மங்கி, வழக்கமான வேகத்தில் 30 நாட் குறைக்க வேண்டி வந்தால் அல்லது நீங்கள் வைத்த குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே மேகம் தள்ளினால், திரும்புங்கள், முடியாவிட்டால் இறங்குங்கள். அமெரிக்க ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் விமானிகள் வகுத்த முறை இது. காற்றில் வைத்து யோசித்தால் ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்றுதான் மனம் சொல்லும்.

2. குலுக்கலில் வேகத்தைக் குறையுங்கள். ஆர்44க்கு 60 முதல் 70 நாட் வரை என்கிறது ராபின்சன். மூக்கைச் சட்டெனக் கீழே தள்ளாதீர்கள். இரண்டு இறக்கை ரோட்டாரில் எடை குறைந்த நிலை உண்டானால், ரோட்டார் தலை தண்டில் மோதி முறியக்கூடும். மலைகளின் காற்று மறைவுப் பக்கத்தை விட்டு விலகுங்கள்.

3. எரிபொருளும் பார்வையும் இருக்கும்போதே இடம் தேடுங்கள். அப்போதுதான் ஒரு வட்டமடித்துப் பார்க்க முடியும். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். காற்றின் திசையைத் தென்னை ஓலை சொல்லும். உழுத நிலத்தில் புழுதி எழுந்து கண்ணை மறைக்கும். உயர்ந்த காய்ந்த புல்லில் புகைபோக்கிச் சூடு தீ வைத்துவிடும். குட்டைப் புல்லும் கெட்டித் தரையுமாக இருந்ததால்தான் கொறங்காட்டைத் தேர்ந்தேன்.

4. காற்றுக்கு எதிராக இறங்குங்கள். சறுக்குக்கட்டை தரையைத் தொட்டதும் விசையை முழுதாகக் குறைக்காமல், மண் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் புதைந்தால் வண்டி உருண்டுவிடும்.

5. இறக்கைகள் நிற்கும்வரை யாரையும் இறங்கவோ நெருங்கவோ விடாதீர்கள். வேகம் குறையும் இறக்கையைக் காற்று தலை உயரத்துக்கு அழுத்திவிடும். வால் ரோட்டார் சுழலும்போது கண்ணுக்கே தெரியாது.

6. தகவல் சொல்லுங்கள். தரையிலிருந்து ரேடியோ எட்டாது; இறங்குமுன்பே இடத்தை அறிவியுங்கள். இறங்கியதும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். தகவல் வர வேண்டிய நேரம் அரை மணி கடந்தாலே உங்களைக் குறித்த எச்சரிக்கை தொடங்கிவிடும்.

7. மேகம் விலகியதாகத் தோன்றியதும் கிளம்பாதீர்கள். போகும் வழியின் வானிலையைக் கேளுங்கள். இருட்டிவிடும் என்றால் அங்கேயே தங்குங்கள்.

2024 அக்டோபரில் அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் சென்ற ஹெலிகாப்டர், மோசமான வானிலையால் உத்தராகண்டின் ராலம் கிராமத்தில் இறங்கியது. அவர்கள் இரவை அங்கேயே கழித்தார்கள். அவ்வளவு பெரிய பதவியில் உள்ளவரின் பயணமே ஒரு மலைக்கிராமத்தில் நிற்கலாம் என்றால், நம் கல்யாணமும் கூட்டமும் காத்திருக்கலாம்.

ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். “இறங்குகிறேன்” என்று விமானி சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். இறங்கியதற்காகக் கூலியைப் பிடிக்காதீர்கள். “சரிங்க, இறக்குங்க” என்ற உங்கள் ஒரு சொல் எல்லோர் உயிரையும் காக்கும்.