அரசர் வாங்காத அரச ஊர்தி

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். அதுபோல, ஒரு தொழிலின் அருமையை அத்தொழிலறிந்தவரே காட்டவல்லர். பழைய இரும்போடு இரும்பாய்க் கிடந்து, பின்னர் அழியாப் புகழ் பெற்ற மோட்டார் வண்டி ஒன்றின் வரலாறு இவ்வுண்மையை விளக்கும்.

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் மோல்சைம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1909 ஆம் ஆண்டில் எட்டோர் புகாட்டி என்பார் மோட்டார் வண்டித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அவர் 1881 இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். அவர் தந்தையார் அழகிய மரப்பொருள்கள் செய்வதில் வல்லவர். தம்பி ரெம்பிராண்டு, விலங்குருவங்களை வடிக்கும் சிற்பி. கலைக் குடும்பத்தில் தோன்றிய எட்டோர், இயந்திரமும் கலைப்பொருளைப் போல அழகுற விளங்கவேண்டும் என்று கருதினார்.

பந்தய வண்டிகளால் புகழ் பெற்ற அவர், மன்னர்கள் ஏறிச் செல்லத்தக்க பெருவண்டி ஒன்றைச் செய்ய 1920களில் முனைந்தார். அதற்கு 'ரோயால்' என்று பெயரிட்டார். பிரெஞ்சு மொழியில் அச்சொல் அரசர்க்குரியது எனப் பொருள்படும். வண்டியின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். எடை 3 டன் அளவினது. எட்டு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த அதன் இயந்திரத்தின் கொள்ளளவு 12 லிட்டருக்கும் மிகுதி. வண்டியின் முகப்பில், துதிக்கையை உயர்த்திப் பின்னங்கால்களில் நிற்கும் சிறு யானை ஒன்று பொலிந்தது. 1916 இல் மறைந்த தம்பியின் சிற்பத்தையே அண்ணன் தம் வண்டிக்குச் சின்னமாக்கினார்.

இருபத்தைந்து வண்டிகள் செய்வதே புகாட்டியின் திட்டம். ஆயின், 1929 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகெங்கும் செல்வரின் கையைக் கட்டியது. ஆறு வண்டிகளே உருப்பெற்றன. அவற்றுள் மூன்றே விலை போயின. வாங்கியவருள் அரசர் ஒருவரும் இலர். ஒருவர் பாரிசில் ஆடைத் தொழில் நடத்தியவர். ஒருவர் ஜெர்மானிய மருத்துவர். மற்றவர் ஆங்கிலச் செல்வர். எஞ்சிய இயந்திரங்களைப் புகாட்டி வீணாக்கவில்லை. 1933 முதல் அவற்றை இருப்புப்பாதை ஊர்திகளில் பொருத்தினார். மன்னரைச் சுமக்கப் பிறந்த இயந்திரங்கள் பொதுமக்களைச் சுமந்து ஓடின.

மருத்துவர் 1932 இல் பெற்ற வண்டிக்கு மூனிக் நகரத்து வைன்பெர்கர் என்பார் மேற்கூடு அமைத்துத் தந்தார். பின்னர் மருத்துவர் ஜெர்மனியை விட்டு நீங்கினார். வண்டியும் அவருடன் ஷாங்காய் நகரம் சென்று, இறுதியில் நியூயார்க் நகரை அடைந்தது. அந்நகரத்தின் கடுங்குளிர் அதற்குக் கேடு சூழ்ந்தது. இயந்திரத்தின் வெப்பத்தைத் தணிப்பதற்காக அதனுள் நீர் நிரப்பப்பட்டிருக்கும். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு பெருகும். அவ்வாறு பெருகிய பனிக்கட்டிக்கு இடம் போதாமையால் வார்ப்பிரும்பு பிளந்தது. ஓடாத வண்டி, பழைய இரும்பு வாங்குவோரிடம் போய்ச் சேர்ந்தது.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். உலோகத்துக்குப் பெருந்தேவை இருந்தமையால் பழைய வண்டிகள் பல உலைக்களம் புகுந்தன. அந்நிலையில், 1943 இல், சார்லசு செய்ன் என்னும் பொறியாளர் அவ்வண்டியைச் சில நூறு டாலர் கொடுத்து வாங்கினார். பிறர் கண்ணுக்கு உடைந்த இரும்பாகத் தோன்றியது, அவர் கண்ணுக்கு ஒப்பற்ற கைவினையாகத் தோன்றியது.

பணி எளிதன்று. உருளைகளும் அவற்றின் தலைப்பகுதியும் ஒரே வார்ப்பாக அமைந்த இயந்திரம் அது. மாற்று உறுப்புகளைக் கடையில் வாங்க இயலாது. எனினும் செய்ன் தளராது முயன்று, 1947 இல் வண்டியை மீண்டும் ஓடச் செய்தார். எரிபொருளையும் காற்றையும் கலந்தனுப்பும் கருவி ஒன்று இருந்த இடத்தில் நான்கைப் பொருத்தினார். தடைக்கருவிகளையும் புதிய முறையில் மாற்றியமைத்தார். முதலில் இருந்தவாறே காத்தல் வேண்டும் என்போர் இம்மாற்றங்களை ஏலார். ஆயினும், அவர் கை படாதிருந்தால் மாற்றுவதற்கும் காப்பதற்கும் வண்டியே இருந்திராது. வண்டி புத்துயிர் பெற்ற அதே ஆண்டில் எட்டோர் புகாட்டி காலமானார்.

செய்ன் அவ்வண்டியைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் டியர்பார்ன் நகரத்திலுள்ள ஹென்றி போர்டு அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1985 இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் என்னுமிடத்தில் ஆறு ரோயால் வண்டிகளும் ஒருங்கே அணிவகுத்து நின்றன.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. யானைச் சின்னம் தாங்கிய இவ்வண்டியோ, இறந்த நிலையில் இரும்பின் விலையே பெற்றது. அதன் உண்மை மதிப்பை மீட்டுத் தந்தது அரசரின் செல்வமன்று. தொழிலறிந்த ஒருவரின் கண்ணும் கையுமே ஆகும்.