விலையோடு மல்லுக்கட்டாதீர்கள்

சீன இணைய அங்காடிகளோடு விலையில் போட்டி போட்டதுதான் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் செய்த தவறுகளிலேயே பெரியது. மலேசியாவில் கடை நடத்தி, அந்தத் தவறுக்குக் கைமுதலைக் கொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இருப்புக் கணக்கு, இணையத்தில் கடை திறப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். எதிரில் தெரியும் விலை எப்படி உருவாகிறது என்பதைத்தான் முதலில் கற்றிருக்க வேண்டும். அது தெரியாமலே “இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், கூட்டம் வரும்” என்று எங்களுக்கு அறிவுரை சொன்னவர்களின் கணக்கு அடியோடு தவறு.

2022 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய சீனத் தளமான டெமுவைப் பாருங்கள். உற்பத்தியாளர் சரக்கைச் சீனாவில் உள்ள கிடங்குக்கு அனுப்பினால் போதும். விற்கும் விலை, விளம்பரம், அனுப்பும் பொறுப்பு எல்லாம் தளத்தின் கையில். இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை வாடகை எதுவும் நடுவில் இல்லை. வரிச் சலுகையும் துணை நின்றது. 2016 முதல் 2025 வரை அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொட்டலத்துக்குச் சுங்க வரி இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரை விலக்கு இருந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்த மலிவு விலைப் பொட்டலங்கள் சுமார் 460 கோடி. அவற்றில் பத்தில் ஒன்பது சீனாவிலிருந்து வந்தவை. இந்த விலை, தயாரிப்பவரையும் விடுவதில்லை: டெமு விதித்த அபராதங்களை எதிர்த்து 2024 ஜூலையில் சப்ளையர்கள் அதன் குவாங்சோ அலுவலகத்தில் திரண்டார்கள். அவர்களுக்கே கட்டுபடியாகாத விலை, மூன்று கை மாறி வந்த சரக்கை விற்கும் நமக்கு எப்படிக் கட்டுபடியாகும்?

அரசு வரி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வரி நியாயமானது, நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதை நம்பிச் சரக்கு வாங்காதீர்கள். மலேசியாவில் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி இருக்கிறது. பத்து ரிங்கிட் பொருளுக்கு அது ஒரே ஒரு ரிங்கிட். 2025 மே 2 முதல் சீனச் சரக்குக்கு அமெரிக்கா விலக்கை நீக்கியதும், டெமு அங்கே உள்ளூர்க் கிடங்குச் சரக்குக்கு மாறியது. இந்தோனேசியா 2023இல் சமூக ஊடக விற்பனையைத் தடுத்தது. டிக்டாக், அந்நாட்டு இணைய அங்காடியான டோக்கோபீடியாவில் பெரும்பங்கை வாங்கித் திரும்பி வந்தது. கதவை அடைத்தால் ஜன்னல் வழியே வரும் அளவுக்கு அவர்களிடம் பணம் இருக்கிறது. மலிவாகக் கிடைப்பது ஏழைக்கு நல்லதுதானே என்றும் கேட்கிறார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. அதற்காக, வாடகையும் சம்பளமும் கொடுத்து அதைவிடக் கூடுதலாக விற்பவனைக் கொள்ளைக்காரன் என்பது அநியாயம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கொள்முதலுக்கு முன் அந்தப் பொருளைக் கைப்பேசியில் தேடுங்கள். அதே படம் அங்கே பாதி விலைக்கு இருந்தால், மொத்த வியாபாரி எவ்வளவு கடன் கொடுத்தாலும் தொடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள் தேவைப்படுவது, உடம்புக்கு அளவு பார்த்துத் திருத்த வேண்டியது, சிரிம் தரச்சான்று முத்திரையுள்ள மின்சாதனம், பழுதானால் கொண்டுவந்து கொடுக்கக்கூடியது: இவற்றில் முதலைப் போடுங்கள். விலையைக் குறைத்துப் பிடித்த வாடிக்கையாளர், அதைவிடக் குறைந்த விலையைக் கண்ட அன்றே போய்விடுவார்.