கயிற்றை இழுக்கும் முன்: பிரஷ் கட்டர் பிடிக்கும் தம்பிகளுக்குப் பத்து அறிவுரைகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் கம்பெனி வளாகங்களில் புல் இடுப்பளவு நிற்கும். காலையில் மேஸ்திரி ஆளையும் மெஷினையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். மெஷின் பிடிக்கவில்லை என்றால் அன்றைய கூலிக்கே ஆபத்து. அந்தப் பதற்றத்தில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்ற பிள்ளைகளையும், நல்ல கார்புரேட்டரைப் பிரித்துப்போட்டுக் கெடுத்த பிள்ளைகளையும் நிறையப் பார்த்துவிட்டேன். இன்ஜினுக்கு வேண்டியது நான்கு: நல்ல பெட்ரோல், கரண்ட், காற்று, கம்ப்ரஷன். வரிசையாகத் தேடினால் பழுது அகப்படும்.

1. முதலில் சுவிட்சைப் பார். ஆஃபில் இருந்தால் எத்தனை முறை இழுத்தாலும் பிடிக்காது. ஆனில் இருந்தாலும், சுவிட்சுக்குப் போகும் வயர் உரசித் தோல் போய் இரும்பில் பட்டால் கரண்ட் பாடிக்குப் போய்விடும். ஆஃப் செய்ததும் அதுவும் ஒன்றுதான். கடல் காற்று அடிக்கிற நம் ஊரில் வயர் முனையில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்.

2. டேங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல் என்று கேள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் டியூபும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார். இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, வார்னிஷ் நாற்றம் அடித்தாலோ முழுவதையும் மாற்று. எடுத்ததைக் கால்வாயில் மட்டும் ஊற்றாதே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்கள் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டவர்கள். கேனில் மூடி வைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடு.

3. ஆயிலைக் கண் மதிப்பில் ஊற்றாதே. டூ ஸ்ட்ரோக் மெஷினில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. எந்த அளவு என்பதைக் கம்பெனிப் புத்தகத்தில் பார். தனிக் கேனில் கலந்து, குலுக்கிவிட்டு ஊற்று. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கில் கரி ஏறும். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு, பெட்ரோலில் கலக்காதே.

4. பிளக்கைக் கழற்றிப் படி. பழுது எந்தப் பக்கம் என்று அதன் முனையே சொல்லும். ஈரமாக இருந்தால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ. சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமல் சில தடவை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்று. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டு. காய்ந்திருந்தால் பெட்ரோலே ஏறவில்லை. கார்புரேட்டர் பக்கத்திலுள்ள ரப்பர் குமிழை அழுத்திப் பார். பெட்ரோல் வரவில்லை என்றால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது டியூப் வெடித்திருக்கும். கரி படிந்திருந்தால் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குள் வை. அதே நம்பரில் புதுப் பிளக் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

5. பிறகு கரண்டைச் சோதி. பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் மரையை இன்ஜின் இரும்பில் அழுத்திப் பிடித்து, நிழலில் வைத்துக் கயிற்றை இழு. பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளிப் பிடி. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீல நிறத்தில் பொறி வந்தால் நல்லது. வராவிட்டால் புதுப் பிளக்கைப் போட்டுப் பார். அடுத்து சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டுப் பார். அதற்கும் வராவிட்டால் காயில். காயிலுக்கும் மேக்னட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ., இடைவெளி இருக்க வேண்டும்.

6. எண்ணெய்க் கம்பெனி வளாகத்துக்குள் இந்தச் சோதனை கூடவே கூடாது. தண்டையார்பேட்டையிலும் மணலியிலும் டேங்குகள் நிற்கிற இடத்தில் ஒரு பொறி போதும். பெர்மிட் இல்லாமல் மெஷினை ஸ்டார்ட்டும் செய்யாதே. மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடு. கூலியை நாளைக்கும் சம்பாதிக்கலாம்.

7. சோக் போடவும் தெரிய வேண்டும், எடுக்கவும் தெரிய வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக் போட்டு இழு. ‘டப்’ என்று ஒருமுறை உதறியதும் சோக்கை எடுத்துவிட்டு இழு. அதற்குப் பிறகும் போட்டபடியே இழுப்பதால்தான் பாதி மெஷின்கள் ஓவர்ஃப்ளோ ஆகின்றன. சூடான இன்ஜினுக்குச் சோக் வேண்டாம்.

8. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் பார். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்துப் போடு. சைலன்சர் வாயிலுள்ள வலையில் கரி அடைத்திருந்தால் சுரண்டி எடு.

9. இத்தனையும் சரியென்றால் கம்ப்ரஷன். கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து மெஷினை மெல்லத் தொங்கவிடு. நின்று நின்று இறங்கினால் நல்லது. சரசரவென்று இறங்கினால் பிஸ்டன், ரிங் போயிருக்கும், மெக்கானிக்கிடம் கொடு. கம்ப்ரஷனும் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டருக்குப் போ. உள்ளே இருக்கும் மெல்லிய டயஃப்ரம் விறைத்துப்போயிருக்கும். கிட் வாங்கி மாற்றலாம். வெளியே தெரியும் ஸ்க்ரூக்களைத் திருகி விளையாடாதே.

10. சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு எடுத்து வை. பிளக் ஓட்டையில் சில சொட்டு 2டி ஆயில் விட்டு மெதுவாக ஒருமுறை இழு. உப்புக் காற்றில் சிலிண்டர் துருப்பிடிக்காது.

தம்பி, இந்த வரிசை உனக்குப் பழகிவிட்டால் அது புல் வெட்டும் மெஷினோடு நிற்காது. காசிமேட்டு ஃபைபர் படகின் பெட்ரோல் மோட்டார் நின்றாலும் தேட வேண்டியது இதே நான்கைத்தான். கூலிக்குப் புல் வெட்டப் போகிறவன் மெக்கானிக் ஆவதற்கான முதல் படி இது. அடுத்த முறை மெஷின் பிடிக்காதபோது மேஸ்திரிக்குப் போன் போடாதே. பிளக் ஸ்பானரை எடு.