இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு

கேள்வி: ஜாங்கோவில் 'கெட் ஆர் கிரியேட்' என்று ஒரு வசதி இருக்கிறதே, எங்கிருந்து வந்தது? அதைப் பயன்படுத்தியும் எங்கள் டேபிளில் ஒரே பெயர் இரண்டு முறை ஏறிவிட்டது. ஏன்?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: இணையதளங்களை உருவாக்க உதவும் பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகர நாளிதழான 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்'டின் இணையப் பிரிவில், ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் அதை எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். டேபிளில் உள்ள பதிவை ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் ஓ.ஆர்.எம். அதற்கும் முந்தையது. மார்ட்டின் ஃபௌலர் 2002-இல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படிப்பட்ட 'ஆக்டிவ் ரெக்கார்ட்' முறையை விவரித்திருக்கிறார்.

ஒரு பதிவைத் தேடு, கிடைக்காவிட்டால் சேர் என்பது எல்லா நிரலிலும் திரும்பத் திரும்ப வரும் வேலை. அந்த நாலைந்து வரியை ஜாங்கோவின் ஓ.ஆர்.எம். 'கெட் ஆர் கிரியேட்' என்ற ஒரே வரியாக்கியது. ஆப்ஜெக்டையும் தந்து, அது புதிதாக உருவானதா என்பதையும் சொல்லிவிடுகிறது. ரூபி மொழியின் இணையக் கட்டமைப்பான ரூபி ஆன் ரெயில்ஸிலும் இதுபோன்ற வசதி 'ஃபைண்ட் ஆர் கிரியேட் பை' என்ற பெயரில் உண்டு.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருவோம். இரண்டு பேர் ஒரே நொடியில் 'மதுரை' என்ற குறிச்சொல்லைச் சேர்க்கிறார்கள். இருவருக்காகவும் தேடல் நடக்கிறது. இரண்டிலும் எதுவும் கிடைப்பதில்லை. எனவே இரண்டு பதிவும் உள்ளே போகப் பார்க்கின்றன. பெயர்ப் பத்தியில் 'யூனிக்' கட்டுப்பாடு இருந்தால் டேட்டாபேஸ் இரண்டாவதைத் தள்ளிவிடும். ஜாங்கோ அந்தப் பிழையைப் பிடித்து, மறுபடி தேடி, முதலில் ஏறிய பதிவையே இரண்டாமவருக்கும் தரும். கட்டுப்பாடு இல்லையென்றால் இரண்டும் ஏறும். அப்போது ஒரு எச்சரிக்கையும் வராது. அடுத்தமுறை யாராவது 'மதுரை'யைக் கேட்கும்போதுதான், ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு கிடைத்தது என்று நிரல் பிழை காட்டி நிற்கும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

2019-இல் வந்த ரெயில்ஸ் 6, வரிசையையே மாற்றி 'கிரியேட் ஆர் ஃபைண்ட் பை' என்று முதலில் சேர்த்துப் பார்த்து, முடியாவிட்டால் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. அதற்கும் யூனிக் கட்டுப்பாடு வேண்டும். காவல் இருப்பது டேட்டாபேஸில்தான், ஓ.ஆர்.எம். அதை நம்பி நடக்கிறது.

முதலில் இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குங்கள். பிறகு மாடலில் அந்தப் பத்திக்கு யூனிக் கொடுத்து மைக்ரேஷனை ஓட்டுங்கள். இரட்டை இருக்கும்வரை அந்த மைக்ரேஷன் ஓடாது.