தளராத நடை

நுழையும்முன்

குழந்தையின் தளர்நடை காண்போரை மகிழ்விக்கும். முதியோரின் தளர்நடையோ கவலையை வளர்க்கும். “இனி வீட்டிலேயே இருங்கள்” என்று அன்பால் நாம் சொல்லும் சொல்லே, அவர்களின் உலகை ஓர் அறைக்குள் சுருக்கிவிடுகிறது. முதியோர் தம் நடையைத் தாமே பேணிக்கொள்ள எவ்வாறு துணைநிற்கலாம்? மேடும் பள்ளமுமான நீலகிரியை முன்னிறுத்தி இவ்வினாவிற்கு விடை காண்போம்.

மலையும் மூட்டும்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இம்மலையில் சமதளம் அரிது. நியாயவிலைக் கடைக்குச் செல்லவும் பேருந்து ஏறவும் பலர் படிகளையோ சரிவுகளையோ கடந்தாக வேண்டும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக, 1968இல் தமிழ்நாடு அரசு இங்குத் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. சரிவுகளில் நின்று கொழுந்து பறித்து, மூட்டை சுமந்து உழைத்த தலைமுறை இன்று முதுமை எய்தியுள்ளது.

முழங்கால் தேய்மானம் உடையோர்க்கு ஏற்றத்தைப் போலவே இறக்கமும் கடினமானது. இறங்கும்போது உடல் எடையைத் தாங்கி வேகத்தைக் கட்டுப்படுத்துபவை தொடையின் முன்புறத் தசைகள். வலிக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் அவை மெலியும். மெலிந்தால் மூட்டின் சுமை கூடும். சுமை கூடினால் வலி மிகும். இச்சுழலை உடைப்பது ஓய்வன்று, அளவறிந்த இயக்கமே.

மாணவர் என்னும் துணை

இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவர்கள், தகுதிபெற்ற இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி பெறுகின்றனர். அத்தகைய மாணவர் ஒருவர், தோட்டக் குடியிருப்பில் வாழும் மூதாட்டியைச் சந்திப்பதாக எண்ணிக்கொள்வோம். “எங்கே வலிக்கிறது, பாட்டி?” என்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. “எங்கே போக ஆசைப்படுகிறீர்கள்?” என்றும் கேட்கிறார். “மேட்டுக் கோயிலுக்குத்தான் தம்பி, போய் ஓராண்டு ஆகிறது” என்கிறார் மூதாட்டி. அதுவே சிகிச்சையின் இலக்காகிறது.

மாணவர் அவ்விலக்கைச் சிறு படிகளாகப் பிரிக்கிறார். உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் முதற்பயிற்சி. வாசல்வரை நடத்தல் அடுத்தது. பின்னர் ஐந்து படிகள். செய்த நாள்களை மூதாட்டியே நாட்காட்டியில் குறிக்கிறார். குளிர்காலக் காலையில் கைகால்களை மெல்ல அசைத்து உடல் வெதுவெதுப்பான பின்பே நடக்கிறார். உறைபனி படர்ந்த படிகளில் வெயில் வரும்வரை இறங்குவதில்லை. வலி கடுமையாகிப் பயிற்சிக்குப் பின்னும் நீடித்தால் அளவைக் குறைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்கிறார்.

இங்கு மாணவரும் கற்கிறார். நூலில் படித்த மூட்டு, ஒரு மனிதரின் விருப்பத்தோடும் அச்சத்தோடும் பிணைந்திருப்பதை உணர்கிறார். தாம் வாராத நாளிலும் பயிற்சி தொடர்வதே தம் வெற்றி என்பதையும் தெளிகிறார்.

இல்லம் தேடி

தமிழ்நாடு அரசு 05.08.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் அது இல்லங்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. நடக்க இயலாதவர் மருத்துவமனைக்கு எவ்வாறு செல்வார் என்னும் வினாவிற்கு இது நல்லதொரு விடை. எனினும், மருத்துவர் வருவது சில நாள்களே. ஏனைய நாள்களில் முதியோரின் தன்முயற்சியும் குடும்பத்தாரின் ஊக்கமுமே மருந்தாகும்.

கைப்பிடித்து அழைத்துச் செல்வது உதவி. தாமே நடக்கும் துணிவை அளிப்பது பேருதவி. மேட்டுக் கோயிலின் மணியோசையைக் கேட்டு மூதாட்டி தாமே ஊன்றுகோலை எடுக்கும் நாளில், மீள்வது கால்களின் வலிமை மட்டுமன்று. அவர்தம் தன்மதிப்பும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

• ஊன்றுகோலை, வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும்.
• நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், அதன் கைப்பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும்.
• படி ஏறும்போது வலியற்ற கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் வலியுள்ள காலும் முதலில்.
• செப்டம்பர் 8 உலக இயன்முறை மருத்துவ நாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் செல்ல விரும்பியும் செல்ல இயலாத இடம் எது எனக் கேட்டறிந்து, அதற்கான தடைகளைத் தொகுத்து எழுதுக.
2. “உதவி என்பது பிறரைச் சார்ந்திருக்கச் செய்வதன்று” – இத்தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.