இல்லத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் ஆள்

பினாங்கு ஸ்காட்லாந்து சாலையில் ராமகிருஷ்ண ஆசிரமத்தின் பிள்ளைகள் இல்லம் இருக்கிறது. அதே பெயரில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. இல்லத்துப் பிள்ளைகள் ஜார்ஜ்டவுன் ஆசிரியர்களுக்குப் புதியவர்கள் அல்லர். ஆனாலும் "கணக்குல ஏன் மார்க் குறைஞ்சிருச்சு?" என்று விடாமல் கேட்க அந்தப் பிள்ளைக்கென ஒருவர் வேண்டும்.

முதல் வேலை, ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே அந்த ஒருவரைப் பொறுப்பாசிரியராக நியமிப்பது. இங்கிலாந்தில் இதை 2008இல் சட்டமாகவே ஆக்கினார்கள். நமக்குத் தலைமையாசிரியரின் ஒரு சொல் போதும். ஆலோசகரைவிட, பிள்ளையைத் தினமும் பார்க்கும் ஆசிரியரே பொருத்தம் என்பேன்.

அடுத்து, தாள்கள். சுற்றுலாவுக்கு யார் கையெழுத்திடுவார், அவசரத்துக்கு யாரை அழைப்பது, பள்ளி வாசலில் யார் வந்தால் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பதை இல்லத்திடமும் சமூக நலத்துறையிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் அன்றே பேச்சைத் தொடங்குங்கள். இழுத்தடிக்கும் வேலை அது. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள். பல பிள்ளைகளுக்குப் பராமரிப்பாளரின் ஒரே போன்தான் இருக்கும். தாளில் அச்சிட்டுக் கொடுங்கள்.

வகுப்பறையில்தான் அதிகம் இடறுகிறோம். "என் குடும்பம்" கட்டுரை, குடும்ப மரம், அன்னையர் தின அட்டை என ஒவ்வொன்றிலும் அந்தப் பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு விழிக்கும். அதற்கு மட்டும் தனித் தலைப்பு கொடுத்தால் இன்னும் மோசம். "எனக்குப் பிடித்த ஒருவர்" என்று முழு வகுப்புக்கும் மாற்றிவிடுங்கள். கட்டுரை இலக்கணம் ஒன்றும் கெட்டுப்போகாது. தீபாவளிக்கு முன் நன்கொடையாளர்கள் வருவார்கள். "இல்லத்துப் பிள்ளைகள் எழுந்திருங்க" என்று அழைத்துப் பை கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். பாதுகாப்பில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் படத்தையும் செய்தியையும் ஊடகத்தில் வெளியிடுவதை மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடுக்கிறது. பள்ளியின் பேஸ்புக் பக்கத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் பொறுப்பாசிரியர் கோப்போடு இடைநிலைப்பள்ளிக்கு நேரில் போகட்டும்; புகுமுக வகுப்பா, நேரே படிவம் ஒன்றா என்ற முடிவிலும் அவர் குரல் இருக்கட்டும்.

கடைசிக் கண்டம் எஸ்.பி.எம். பெரும்பாலோர் அதை 17 வயதில் எழுதுகிறார்கள். முடிவு வருவது மறு ஆண்டில். சிறார் சட்டத்தின் கணக்கில் 18 வயதானவர் சிறார் இல்லை. ஆகவே படிவம் ஐந்தின் நடுவிலேயே இல்லத்தாரோடு உட்காருங்கள். ஆறாம் படிவமா, பாலிடெக்னிக்கா, விண்ணப்பத்தை யார் நிரப்புவது, அதுவரை எங்கே தங்குவது என்பதைப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசி முடித்துவிடுங்கள்.